நாய்க்குட்டிக்கு எந்தக் கூண்டு?

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு சிற்றூர். 2 ஏக்கரில் வேர்க்கடலை, வரப்போரம் சவுக்கு, 8 வெள்ளாடுகள் என்று பிழைக்கும் குடும்பம். போன வருஷம் அவர்கள் வளர்த்த நாய்க்குட்டி, ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்தது. வீட்டுப் பெண் குழந்தை நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தச் சித்திரையில் 2 மாத ராஜபாளையம் குட்டி ஒன்று வந்தது. அப்பா முதல் வேலையாகப் பழைய கோழிக்கூண்டைத் தூசு தட்டி எடுத்தார். "இனிமே இது எங்கயும் ஓடாது" என்றார்.

கூண்டின் நீளம் ஒன்றரை அடி. அடியில் கம்பி வலை. வைத்த இடம் தகரக் கொட்டகை. மூன்றாம் நாள் எல்லோரும் கடலை பறிக்கப் போய்விட்டு மதியம் திரும்பினால், குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு துவண்டு கிடந்தது. மகள்தான் அதை வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் காட்டினாள். பிறகு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினார்கள். குட்டி பிழைத்தது.

"நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காதுங்க. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். காத்து வராத இடத்துல அடைச்சா அதுவும் முடியாது" என்றார் மருத்துவர். கூண்டு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கூண்டை மாற்றச் சொன்னார்.

அன்று சாயங்காலமே அப்பா குட்டியை அளந்தார். குட்டி தலை இடிக்காமல் நிற்கவேண்டும், சுற்றித் திரும்பவேண்டும், கால் நீட்டிப் படுக்கவேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதற்கு மேல் அரை அடி விட்டால் நீளம் சரியாக இருக்கும். ராஜபாளையம் உயரமாக வளரும் இனம். வளர்ந்தபின் 4 அடி நீளம், 3 அடி உயரம் தேவைப்படும். எனவே பெரிய கூண்டாகவே செய்து, நடுவில் நகர்த்தக்கூடிய பலகைத் தடுப்பு வைத்தார். ஆரம்பத்திலேயே முழு இடத்தையும் விட்டால், குட்டி ஒரு மூலையில் படுத்து மறு மூலையை அசிங்கம் செய்யும்.

சட்டத்துக்கு வீட்டுச் சவுக்குக் கழியே போதுமானதாக இருந்தது. உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து முள்ளாகிவிடும். அதனால் துத்தநாகம் பூசிய வலையை வாங்கினார். கண்ணி, குட்டியின் தலையோ காலோ சிக்காத அளவு சிறியது. அடியில் பலகை, அதன்மேல் துவைத்த சாக்கு. கூண்டு நின்றது வேப்பமரத்தடியில், ராத்திரியில் திண்ணையில்.

பழக்கும் வேலை மகளுடையது. முதல் வாரம் கதவைச் சாத்தவே இல்லை. சோற்றுத் தட்டை உள்ளே வைத்தாள். பிறகு 5 நிமிஷம், 10 நிமிஷம் என்று சாத்திப் பழக்கினாள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் ஒரே இடத்துக்கு வெளியே அழைத்துப் போனாள். 2 மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ராத்திரியிலும் ஒருமுறை வெளியே விடவேண்டும். தண்டனைக்காக அதைக் கூண்டில் போடக்கூடாது. உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடவேண்டும். வலையில் மாட்டினால் கழுத்து இறுகும்.

3 மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார்கள். மற்ற தடுப்பூசிகளையும் மருத்துவர் சொன்ன நாளில் போட்டு வருகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தார் சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

இப்போது ராத்திரி எட்டு மணி ஆனால் குட்டி தானாகவே கூண்டுக்குள் போய்ச் சுருண்டு படுக்கிறது. சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் காது மட்டும் நிமிர்கிறது. பழைய கோழிக்கூண்டில் இப்போது கோழிகள் இருக்கின்றன. அதுவும் மரத்தடிக்கு வந்துவிட்டது.