தகரக் கூரையும் சந்திரயானும்

நீலகிரி என்றாலே குளிர் என்று நினைப்பவர்கள் ஏப்ரல் மாதம் எங்கள் தேவர்சோலைக்கு வந்து பார்க்க வேண்டும். ஊட்டியில் ஸ்வெட்டர் போடும் நாளில் இங்கே கூடலூர் பக்கம் விசிறி தேடுவோம்.

2009 மார்ச்சில் என் வீட்டுக்காரம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு மாதம் படுக்கைதான். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அந்த அறைக்கு சீலிங் கிடையாது. "ஏங்க, தலைக்கு மேல அடுப்பு எரியற மாதிரி இருக்கு" என்பாள். நான் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, "29 டிகிரிதான்மா" என்பேன். டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் டிரையர் சூட்டைப் பார்த்தவன் என்ற திமிர் எனக்கு.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அவளைப் பார்க்க வந்தான். "மாமா, அது காத்தோட சூடு. அத்தை மேல விழறது தகரத்தோட சூடு" என்றான். ஃபேக்டரியில் வைத்திருந்த பழைய தெர்மாமீட்டரைக் களிமண் வைத்துத் தகரத்தின் அடியில் ஒட்டினோம். மதியம் இரண்டு மணிக்கு 56 டிகிரி! எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்று இரவு அவன் செயற்கைக்கோள் கதை சொன்னான். பூமிக்கு அருகே விண்வெளியில் ஒரு சதுர மீட்டர் மேல் நேராக விழும் வெயில் சுமார் 1,361 வாட். அதில் எவ்வளவு உள்ளே போகிறது என்று காட்ட மீட்டர் கிடையாது. தகட்டில் பதித்த சென்சார்கள் வெப்பநிலையை மட்டுமே சொல்லும். அங்கே காற்று இல்லாததால் வெளித்தகடு வெப்பத்தைக் கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற முடியும். அது எவ்வளவு என்பதை வெப்பநிலையிலிருந்து கணக்கிடலாம். சூடு ஏறிக்கொண்டிருந்தால், தகட்டிலேயே தங்குவது எவ்வளவு என்பதை அதன் எடையையும் சூடேறும் வேகத்தையும் வைத்துச் சொல்லலாம். இரண்டையும் கூட்டி, உள்ளிருக்கும் கருவிகளிலிருந்து தகட்டுக்கு வரும் சூட்டைக் கழித்தால், வெளியிலிருந்து வாங்கியது தெரிந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பியது. நிலவுக்கு 100 கி.மீ. உயரத்தில் சுற்றும்போது, நவம்பர் கடைசியில் உள்ளே சூடு 50 டிகிரி வரை ஏறியது. மேலே வெயில், கீழே நண்பகலில் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் நிலவுத் தரை. கீழிருந்து வந்த சூடு எதிர்பார்த்ததை விட அதிகம். கலத்தைச் சுமார் 20 டிகிரி திருப்பினார்கள், சில கருவிகளை அணைத்தார்கள். அவன் சொன்னது அவ்வளவுதான். மே மாதம் அதன் உயரத்தை 200 கி.மீ. ஆக்கினார்கள், சூடும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகு அதிகாரிகளே சொன்னார்கள். ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அறுந்தது.

மறுநாளே கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். அடுத்த வாரம் அதே நேரத்தில் 41 டிகிரி. அவள் அன்று மதியம் தூங்கினாள்.

இரண்டு மழைக்காலம் போனதும் பாசி பிடித்துக் கூரை கறுத்தது. தெர்மாமீட்டர் மறுபடி 50-ஐத் தொட்டது. செயற்கைக்கோளின் வெள்ளைப் பூச்சும் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மங்கி, வருஷத்துக்கு வருஷம் அதிக வெயிலைக் குடிக்குமாம். அதையும் தரையிலிருந்தபடி வெப்பநிலையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஏணி போட்டு ஏற அவர்களுக்கு வழியில்லை. நான் ஏறினேன்.

அந்த ஒரு மாதம் மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. தப்பான இடத்தில் தொங்கவிட்டு அவளைப் பொய்யாக்கியவன் நான்தான். இப்போதும் பெயின்ட் டப்பாவை எடுத்தால் அவள் சிரிப்பாள்: "அன்னிக்கே சொன்னேனே, நீங்க சுவரைத்தானே நம்புனீங்க!"