தண்ணீர் கேட்காது... கண்ணீர் தரும்!

நாட்டு மருந்துக் கடையில் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால், வெளிர்மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிக் கட்டிகளாக ஒரு பிசினைக் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். அதன் பிறந்த வீடு, ஏஜியன் கடலில் துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் கிரேக்கத் தீவு கியோஸ்.

தீவு முழுக்கக்கூட இல்லை. தெற்கே இருக்கும் 24 கிராமங்களில்தான் மஸ்தகி விளைகிறது. இதே இனச் செடி மத்தியதரைக் கடலோரம் எங்கும் புதராக மண்டிக் கிடக்கிறது. ஆனால், கீறினால் இந்த அளவுக்குப் பிசின் சொட்டுவது இங்கேதான். 1493-ல் கொலம்பஸ் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில்கூட, இது கிடைக்கும் இடமாகக் கியோஸின் பெயர் இருக்கிறது.

செடி என்பதா, மரம் என்பதா? இரண்டு, மூன்று மீட்டர் உயரம். முறுக்கேறிய அடித்தண்டு, கவிழ்த்த குடைபோல் கிளைகள், எப்போதும் பச்சை. கல்லும் சுண்ணாம்புமான காய்ந்த மண்தான் அதற்கு இஷ்டம். கோடையில் மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் கவலைப்படாது. வேரில் தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து.

நம் ஊரில் முருங்கைப் போத்து நடுவதுபோல, இதையும் கிளையை வெட்டித்தான் நடுகிறார்கள். குளிர்காலத்தில் கவாத்து செய்கிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்துத்தான் முதல் கீறல். முழு விளைச்சலுக்கு 12 முதல் 15 வருடம் ஆகும். அதன் பிறகு நூறு வயதுவரைகூட இருக்கும்.

கோடை வந்ததும் செடியின் அடியைக் கூட்டிச் சமன் செய்து, கோலமாவுபோல் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைத் தூவிவிடுகிறார்கள். சொட்டும் பிசின் அழுக்காகாமல் காய்வதற்குத்தான் இந்த ஏற்பாடு. பிறகு, கூரான சின்னக் கருவியால் பட்டையில் கீறல்கள். ஆழமாகக் குத்தினால் செடி நோகும். மேலோட்டமாகக் கீறினால் ஒன்றும் வராது. அந்தக் கைப்பக்குவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. துளித்துளியாக இறங்குவதை ‘கியோஸின் கண்ணீர்’ என்கிறார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் அது கெட்டியாகும். அதற்குள் ஒரு மழை பெய்தால் போச்சு. ஊரெல்லாம் மழைக்கு வேண்டிக்கொள்ள, இந்த விவசாயிகள் மழை வேண்டாம் என்று வானத்தைப் பார்க்கிறார்கள்!

இவ்வளவுக்கும் ஒரு செடி தருவது வருடத்துக்கு 200 கிராம்கூடத் தேறாது. சலித்து, சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, கட்டி கட்டியாக எடுத்துக் கத்தி முனையால் மண்ணைச் சுரண்டும் வேலை குளிர்காலம்வரை நீள்கிறது. பெரும்பாலும் பெண்கள்தான், வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்கிறார்கள். இந்த மஸ்தகி வளர்ப்பு முறை 2014-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

இந்தப் பிசினுக்காகவே கட்டப்பட்டவைபோல இருக்கின்றன ஊர்கள். மெஸ்தாவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, கடைசி வரிசையின் பின்சுவர்களே கோட்டைச் சுவர். 14-ம் நூற்றாண்டிலிருந்து தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்கள் காலத்து அமைப்பு அது. பிர்கியில் வீட்டு முகப்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகச் சுரண்டிய சித்திர வேலை. கேமரா இல்லாமல் போய்விடாதீர்கள். 1822-ல் ஒட்டோமான் படை தீவையே சூறையாடியபோதும், சுல்தான் அரண்மனைக்கு மஸ்தகி வேண்டுமே என்று இந்தக் கிராமங்கள் பெரும்பாலும் தப்பின.

ஆனால், நெருப்பிடம் தப்பவில்லை. 2012 ஆகஸ்டில் பரவிய காட்டுத்தீ மஸ்தகித் தோப்புகளையும் கருக்கியது. கரிந்த நிலத்தில் மறு வருடம் ஒருவர் போத்து நட்டிருந்தால், முதல் கீறலைப் போடவே 2018 ஆகியிருக்கும். அதிலும் அந்த வருடம் கைக்குக் கிடைத்திருப்பது சில துளிகள்தான்.