குதிரையின் வேகமும் எம் கணக்கும்

குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். யாமும் அங்ஙனமே ஐயுற்றுப் பல ஆண்டுகள் வாளாவிருந்தோம். எனினும், இக்கல்லூரியிற் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், தாம் கற்றதைக் கொண்டே தம் உறவினர்க்கு எவ்வாறு தீங்கு விளைத்தார் என்பதை அறிதல், இன்று அவ்வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளைஞர்க்குப் பயன்படுமெனக் கருதி இதனை வரையத் துணிந்தோம். அம்மாணவர் யாமே.

எம் சிறிய தந்தையார் ஓர் அலுவலகத்திற் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். மதுவருந்தார், புகைபிடியார், சீட்டைக் கையாலும் தொடார். ஆயினும், பந்தய நாள்களில் அவரை வீட்டிற் காண்டல் அரிது. சென்னையினின்று சென்றதொரு வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததேயன்றி வெறும் தற்செயலைச் சார்ந்ததன்று என உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிற் கூறிய தீர்ப்பு அவர்க்குப் பெருந்துணையாயிற்று. "தம்பி, இது சூதன்று என்று நீதிபதிகளே சொல்லிவிட்டார்கள். திறமைக்கு வேண்டியது கணக்கு. அது உன்னிடம் இருக்கிறது," என்று கூறி, அமெரிக்க நூலொன்றை எம் கையிற் கொடுத்தார்.

அந்நூலிற் கூறப்பட்ட முறை எம்மை மயக்கிற்று. ஹோவர்டு சார்ட்டின் என்னும் உளநூலார், சூதிற் பொருளிழந்து நலிந்தோரைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்தவர், அதனை வகுத்தனர் என்பர். தோற்பவனைத் தோல்வியினின்று மீட்க வெல்லும் வழியைக் கற்பித்தலே மருந்தென்பது அவர் கொள்கை. டாம் புரோஹாமர் என்பார் 1991இல் வெளியிட்ட நூலால் அம்முறை பலர்க்கும் எட்டிற்று.

முறை எளியது. ஓட்டம் முழுவதற்கும் ஆன நேரத்தை மட்டும் நோக்காது, ஓட்டத்தை முற்கூறு, பிற்கூறு என இரண்டாக்குக. ஒவ்வொன்றிலும் குதிரை நொடிக்கு எத்தனை அடி கடந்ததெனக் காண்க. முன்வேகத்தை இரு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறாற் பெருக்குக. வரும் எண், அக்குதிரை தன் ஆற்றலில் எத்துணைப் பங்கினை முன்னரே செலவிட்டது என்பதனைக் காட்டும். எண் உயர்ந்தால் அது முந்திச் செலவிடும் குதிரை. தாழ்ந்தால் இறுதிக்கென வைத்துக்கொள்ளும் குதிரை.

சான்றாக, செக்ரட்டேரியட் என்னும் புகழ்பெற்ற குதிரையை எடுத்துக்கொண்டோம். 1973ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் நடந்த கென்டக்கி டெர்பியில் அது ஒன்றேகால் மைலை 1 நிமிடம் 59.4 நொடியிற் கடந்தது. முதல் முக்கால் மைலுக்கு 73 நொடி. எஞ்சிய அரை மைலுக்கு 46.4 நொடி. கால் மைல்தோறும் அதன் வேகம் மிகுந்தே வந்தது. கணக்கிடின் எண் 48.8 ஆகும். அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள் நடந்த பெல்மான்ட் பந்தயத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 நொடியிற் கடந்து, 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது. முதல் முக்கால் மைலுக்கு 69.8 நொடி, பிற்பகுதிக்கு 74.2 நொடி, எண் 51.5. இடைப்பட்டவை ஐந்து வாரங்களே. குதிரையும் ஒன்றே, வெற்றியும் ஒன்றே; ஆற்றலைச் செலவிட்ட வகையோ முற்றிலும் வேறு. இவ்வுண்மையை இரண்டு எண்களில் அடக்கிய முறையை வியந்து, அன்றிரவு உறக்கமின்றி மகிழ்ந்தோம்.

நிற்க. சிறிய தந்தையார் நிறுத்துக் கடிகாரத்துடன் திடலின் வேலியருகில் நிற்பார். 1200 மீட்டர் ஓட்டத்தில் இறுதி 600 மீட்டர் குறிக்கம்பத்தை முதற்குதிரை கடக்கும் நேரத்தைக் குறிப்பார். பின்வருவனவற்றிற்குக் குதிரை நீளம் ஒன்றுக்கு நொடியில் ஐந்திலொரு பங்கு கூட்டுவது பழைய வழக்கம். அவர் கொணர்ந்த குறிப்புகளை யாம் எண்களாக்கி நீண்ட கணக்கேட்டில் எழுதினோம். ஒரு பருவம் முழுவதும் பணம் வையாது தாளிலேயே ஆடிப் பார்த்தோம். எம் எண்கள் பன்முறை பலித்தன. ஆயின், பலித்த குதிரைகளிற் பெரும்பாலானவற்றைப் பிறரும் அறிந்திருந்தமையால், அவற்றிற்குக் கிடைக்கத்தக்க தொகை சிறிதாயிருந்தது. மேலும், மக்கள் வைத்த பணம் முழுதும் வென்றோர்க்குப் பகிரப்படுவதில்லை. பகிர்வதற்கு முன்னரே ஒரு பங்கும் வரியும் எடுத்துக்கொள்ளப்படும். எனவே, பிறரினும் சிறிது நன்றாகக் கணித்தல் போதாது. அப்பங்கினையும் விஞ்சக் கணித்தல் வேண்டும். இதனை யாம் அறிந்திருந்தோம். அவரிடம் அழுத்திக் கூறினோமல்லோம். எம் கணக்கினை அவர் நண்பர்களிடம் புகழ்ந்து பேசுவது எமக்கு இனிதாயிருந்தது.

அடுத்த பருவத்தில் ஒருநாள், செந்நிறக் குதிரையொன்றுக்கு 51.4 என்னும் எண் கிடைத்தது. முன்வேகத்தில் அதனை எட்டுவார் இலரென்று யாமே கூறினோம். ஊரிலுள்ள வீட்டின் கூரையை மாற்றுதற்கென ஒதுக்கியிருந்த தொகை முழுவதையும் சிறிய தந்தையார் அதன்மேல் வைத்தார். குதிரை முதலில் வந்தது. ஆனால் தனித்து வரவில்லை. அதன் தோளோடு தோளாக மற்றொரு குதிரையும் வந்தது. ஒன்றை ஒன்று விடாது இரண்டும் விரைந்து, 600 மீட்டர்க் கம்பத்தருகிலேயே தளர்ந்தன. எமது குதிரை ஆறாவதாக வந்தது. ஏட்டைத் திறந்து பார்த்தோம். அம்மற்றொரு குதிரையும் 51.4 என்னும் அதே எண்ணுடன் அடுத்த வரியிலேயே எம் கையெழுத்தில் இருந்தது.

பெல்மான்ட் பந்தயத்தின் மறுபாதியை அதன் பின்னரே படித்தோம். டெர்பியிற் செக்ரட்டேரியட்டுக்கு இரண்டரை நீளமே பின்தங்கி இரண்டாவதாய் வந்த ஷாம் என்னும் சிறந்த குதிரை, பெல்மான்டில் முதல் முக்கால் மைல் அதனோடு போட்டியிட்டு ஓடி, ஐந்து குதிரைகளில் ஐந்தாவதாய் முடிந்தது. ஷாமின் முந்தைய எண்கள் பொய்யல்ல. குதிரை தன் ஆற்றலைச் செலவிடுவது தன் இயல்பால் மட்டுமன்று, அருகில் ஓடுவது எதுவோ அதனாலும் ஆகும். நேற்றைய ஓட்டத்தினின்று பெற்ற எண்ணில் நாளைய துணை இடம்பெறுவதில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் அவ்வீட்டிற்குச் சென்றோம். கூடத்தில் மூன்று இடங்களிற் பாத்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. சிற்றன்னையார் எமக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "கணக்கெல்லாம் சரியாய்த்தான் இருந்தது என்று உன் சித்தப்பா சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்?" என்று வினவினார். சினமின்றியே வினவினார். யாம் விடை கூறாது நனைந்த சுவரையே நோக்கியிருந்தோம். சிறிய தந்தையார் அதன்பின் திடலுக்குச் செல்லவில்லை. கடிகாரத்தை எம்மிடமே கொடுத்துவிட்டார். கூரையை மாற்றுதற்கு எம் முதல் ஈராண்டுச் சம்பளத்திற் பெரும்பகுதி செலவாயிற்று.

மாணவ நண்பர்காள்! வகுத்தலிலும் பெருக்கலிலும் யாம் பிழை செய்திலோம். எம் எண் எவற்றை எல்லாம் அறியாதென்பதை, அதனை நம்பிப் பொருள் வைத்தவர்க்குச் சொல்லாது விட்டோம். நும்மிடமும் ஒருநாள் எவரேனும் ஓர் எண் கேட்டு வருவர். அன்று எண்ணோடு அதனையும் சேர்த்துச் சொல்லுமின். சிற்றன்னையார்க்கு அன்று யாம் கூறியிருக்க வேண்டிய விடையும் இதுவே.