சண்டைப் பொருளில் தொடங்கிய உறவு

நான் எழுதுவது ரைன் ஆற்றின் ஜேர்மன் கரையிலுள்ள கேல் நகரிலிருந்து.

எதிர்க்கரையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க். 2017 ஏப்ரலிலிருந்து இரண்டு ஊருக்கும் நடுவே டிராம் ஓடுகிறது. சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. பிரான்சில் சிகரெட் விலை அதிகம் என்பதால் அங்கிருந்து வருபவர்கள் இங்குள்ள புகையிலைக் கடைகளில் வரிசை கட்டுகிறார்கள். சோப்பு, ஷாம்பூ, பிள்ளைகளுக்கான டயப்பர் என்று பை நிறைய வாங்கிப் போகிறார்கள். இங்குள்ளவர்கள் நல்ல பாணுக்கும் பாலாடைக்கட்டிக்கும் அந்தக் கரைக்குப் போகிறார்கள். இரு கரையிலும் செல்லுவது ஒரே யூரோதான்.

இதே ஸ்ட்ராஸ்பூர்க் 1871இல் ஜேர்மனியிடம் போனது. 1918இல் பிரான்சிடம் வந்தது. 1940இல் மறுபடி ஜேர்மனி. 1944இல் மறுபடி பிரான்ஸ். கேல் நகரின் கதை இன்னும் துயரமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் ஊர்மக்கள் வீடு திரும்ப முடியவில்லை. ஊரைத் தன் கையில் வைத்திருந்த பிரான்ஸ், பகுதி பகுதியாகத்தான் விட்டுக்கொடுத்தது. கடைசிப் பகுதி திரும்பக் கிடைத்தது 1953இல். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த காணிகளின் விடுவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நம் சனத்துக்கு, இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பகையை எப்படிக் கடந்தார்கள்? இதை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அரசியல் அறிவியலில் அதைப் பிராந்திய ஒருங்கிணைப்பு என்கிறார்கள். அத்துறையில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது ஏர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இல் எழுதிய நூலை. பிராங்பேர்ட்டில் பிறந்த யூதர் அவர். நாஜிகளின் கொடுமையால் 1938இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். தன்னைத் துரத்திய கண்டம் எப்படி ஒன்றுசேர்கிறது என்று அத்தனை பொறுமையோடு ஆராய்ந்திருக்கிறார்.

அவர் ஆராய்ந்த கதை இப்படித் தொடங்குகிறது. பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ரொபேர்ட் ஷுமான் 1950 மே 9 அன்று ஒரு யோசனையை முன்வைத்தார். அதன் பின்னால் இருந்த மூளை பிரெஞ்சு அதிகாரி ஜான் மொனே. பீரங்கி வார்க்க எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். ரூர், சார், லொரேன் பகுதிகளுக்காக இரு நாடுகளும் மாறி மாறிச் சண்டையிட்டதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே அந்த இரண்டையும் எந்த ஒரு நாட்டின் கையிலும் விடாமல் பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம் என்றார்கள். அடுத்த ஆண்டே ஆறு நாடுகள் அதற்கான உடன்படிக்கையில் பாரிஸில் கையெழுத்திட்டன. அதன்படி லக்சம்பேர்க்கில் அமைந்த பொது ஆணையத்துக்கு நிலக்கரி, எஃகு நிறுவனங்களிடம் நேரடியாக வரி வாங்கவும், மீறினால் தண்டம் விதிக்கவும் அதிகாரம் இருந்தது. அது எடுத்த முடிவுகள் அரசுகளையும் கட்டுப்படுத்தின.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைத் தொடாமல் இருக்க முடியாது என்பது ஹாஸின் வாதம். நிலக்கரிக்குச் சுங்கவரியை எடுத்தாயிற்று. ஆனால் வண்டி எல்லையைத் தாண்டியதும் ரயில் கட்டணத்தைப் புதிய பயணம்போல முதலிலிருந்து கணக்கிட்டார்கள். அதையும் சரிசெய்ய வேண்டி வந்தது. இப்படி ஒவ்வொன்றாக வளரும் என்று அவர் எதிர்பார்த்தார். 1965இல் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் தம் பிரதிநிதிகளை ஐரோப்பியச் சமூகத்தின் கூட்டங்களிலிருந்து விலக்கிக்கொண்டபோது அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. 1975இல் ஹாஸே தம் கோட்பாடு காலாவதியாகிவிட்டது என்று எழுதினார். 2020இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. 2024 செப்டம்பரிலிருந்து ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. எங்கள் டிராமிலும் பொலிஸார் ஏறி அடையாள அட்டை கேட்கிறார்கள். இருந்தும் இந்தக் கரைகளுக்கிடையே இனிப் போர் வரும் என்று இங்கே ஒருவரும் அஞ்சுவதில்லை. எனக்கு அதுதான் பெரிது.

ஐரோப்பாவில் எல்லைச் சோதனையை நீக்க ஷெங்கன் உடன்பாடு கையெழுத்தான அதே 1985இல்தான் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் டாக்காவில் பிறந்தது. அதன் சாசனத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிணக்குகளையும் சர்ச்சைக்குரிய விடயங்களையும் பேசவே கூடாது. ஐரோப்பா எதற்காக அடித்துக்கொண்டதோ அதையே முதலில் மேசையில் வைத்தது. நாம் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். 2014இல் காத்மாண்டுவில் கூடிய தலைவர்கள் அதன் பிறகு உச்சிமாநாட்டுக்குக் கூடவில்லை.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக்கு நீரிணையில் இன்றைய சண்டைப் பொருள் மீன். இராமேசுவரம் பக்கத்து இழுவைப் படகுகள் கடலடியை வழித்துப் போகின்றன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் மீனவர்களின் வலைகள் அறுகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. கைதும் படகுப் பறிமுதலும் தொடர்கின்றன. சிறையில் கிடப்பவரும் ஏழைத் தொழிலாளிதான். ஐரோப்பிய ஒன்றியத்திலோ ஒவ்வொரு டிசம்பரிலும் மீன்வள அமைச்சர்கள் பிரசல்ஸில் உட்கார்ந்து, விஞ்ஞானிகளின் கணிப்பை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு எந்த நாடு எந்த மீனை எத்தனை தொன் பிடிக்கலாம் என்று பேரம் பேசி முடிக்கிறார்கள். அங்கும் மீன்வளம் குன்றியது உண்டு. ஆனால் சண்டை மேசையில் நடக்கிறது.

இரு கரை மீனவர்களும் விஞ்ஞானிகளும் உட்காரும், கட்டுப்படுத்தும் அதிகாரமுள்ள ஒரு பொது ஆணையம் பாக்கு நீரிணைக்கு வேண்டும். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளே, அதன் வரைவை நீங்கள் எழுதத் தொடங்குங்கள். கொழும்பும் டெல்லியும் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.