ஏலமும் நம்பிக்கையும்

தமிழில் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று மணம் தரும் காய். மற்றொன்று விலை கேட்டு, விலை கூட்டி நடக்கும் விற்பனை. இவ்விரண்டும் ஒன்றுசேரும் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே உள்ள மலைச்சரிவுகளிலும், போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் விளையும் ஏலக்காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் இங்கே விலை பெறுகிறது. கணினித் திரையில் தோன்றும் ஓர் எண் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே, ஞாயிறு திருப்பலியில் நம்மோடு முழந்தாளிடுவோர் பலருடைய மன்றாட்டில் மழையும் விலையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அதில் குறையொன்றும் இல்லை. அன்றாட உணவுக்காகச் செபிக்கக் கற்பித்தவர் நம் ஆண்டவரே அல்லவா?

ஆனால், அம்மன்றாட்டு கேட்கப்படாததுபோல் தோன்றும் நாளில் நம் விசுவாசம் எதன்மேல் நிற்கும்?

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அதுவரை கண்டிராத விலை அது. அந்நாள்களில் கடன் வாங்கிப் புதிதாகச் செடி நட்டவர்களுள் நம் பங்கின் குடும்பத் தலைவர் ஒருவரும் இருந்தார். நட்ட செடி காய்ப்புக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அவருடைய செடிகளும் காய்த்தன. ஆனால் 2022இல் விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. உரத்துக்கும் மருந்துக்கும் காய் எடுக்கும் கூலிக்கும்கூட அது போதவில்லை. ஒரு மாலை அவர் வந்து, “சாமி, நீங்க மந்திரிச்சுக் கொடுத்த கன்றுதானே? செபம் சொல்லித்தானே நட்டோம்? பிறகு ஏன் இப்படி?” என்று கேட்டார்.

இக்கேள்விக்கு முன் நாம் 2019ஆம் ஆண்டின் விலையைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். அவ்விலை எப்படி வந்தது? 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பல பாழாயின. அடுத்த ஆண்டில் மழையும் தாமதித்தது. காய் குறைந்தது; விலை ஏறிற்று. ஒரு வீட்டில் நன்றிச் செபமாக ஒலித்தது, மற்றொரு வீட்டின் கண்ணீரிலிருந்து பிறந்தது. விலை ஏற்றமே இறைவனின் பதில் என்றால், செடிகளை இழந்தவருக்கு அவர் சொன்ன பதில் என்ன? ஆகவே, சந்தையின் எண்ணில் இறைவனின் முகத்தைத் தேடுவது, அவரை ஒரு வீட்டுக்குத் தந்தையாகவும் மறு வீட்டுக்கு அந்நியராகவும் ஆக்கிவிடும்.

எதிர்பார்ப்பு வேறு, நம்பிக்கை வேறு. எதிர்பார்ப்பு ஒரு பொருளை நாடுகிறது. அது கிடைக்காதபோது முறிந்துபோகிறது. நம்பிக்கையோ ஓர் ஆளைப் பற்றிக்கொள்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தை மறைக்கவில்லை. துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று வெளிப்படையாகவே மன்றாடினார். அது அகலவில்லை. எனினும் ‘தந்தையே’ என்று அழைப்பதை அவர் விடவில்லை. இவ்வளவு செபம், இவ்வளவு காணிக்கை, அதற்கு இவ்வளவு பலன் என்று இறைவனோடு ஏலம் பேசுகிறவர்கள் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஏலச்செடி நேர் வெயிலைத் தாங்காது; உயர்ந்த மரங்களின் அரைநிழலில்தான் வளரும். நம் விசுவாச வாழ்வும் பெரும்பாலும் அரைநிழலில்தான் நடைபெறுகிறது. புனித அன்னை தெரசாவின் மடல்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, இறைவனின் உடனிருப்பை உணர முடியாத இருளில் அவர் பல்லாண்டுகள் வாழ்ந்தார் என்பதை உலகம் அறிந்தது. அவ்விருளிலும் அவர் கொல்கத்தாவின் நோயாளிகளை விட்டு அகலவில்லை. உணர்வு வற்றியபோதும் பிரமாணிக்கம் வற்றவில்லை.

நம் பங்கிலும் அத்தகைய பிரமாணிக்கத்தைக் காண்கிறோம். மேற்சொன்ன அன்பர், விலை வீழ்ந்த அவ்வாண்டில், வட்டிக்காரர் வாசலில் நின்றபோதும் காய் எடுத்த பெண்களின் கூலியை முதலில் தீர்த்தார். அதற்காக அவருடைய மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. 2024 கோடை வறட்சியில் அவருடைய செடிகளில் ஒரு பகுதி கருகிற்று. அவ்வாண்டில் விலை மீண்டும் ஏறியபோது அவரிடம் காய் குறைவு. கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் கருகிய இடங்களில் புதுக் கன்றுகளை நட்டிருக்கிறார்.

விடியுமுன் ஜீப்பில் மலையேறும் பெண்களையும் நினைத்துப் பார்ப்போம். 2020இல் பெருந்தொற்றால் மாநில எல்லை மூடப்பட்டபோது, மறுநாள் வேலை உண்டா என்பதே தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். அந்நாள்களில் ஒரு வீட்டு அரிசி மறு வீட்டு உலைக்கும் போயிற்று. இறைவனின் பதில் சில வேளைகளில் அடுத்த வீட்டாரின் கையால் வருகிறது. அக்கை நம்முடையதாகவும் இருக்கலாம்.

அன்பர்களே, மழைக்காகவும் விலைக்காகவும் தொடர்ந்து மன்றாடுவோம். கேட்டது கிடைத்தால் நன்றி கூறுவோம். அதே வேளையில், இழந்தவர் யார் என்றும் விசாரிப்போம். கிடைக்காவிடில், நம் துயரத்தையும் கேள்வியையும் மறைக்காமல் அதே தந்தையிடம் கொண்டுசெல்வோம். நாளைய விலை நம் கையில் இல்லை. இன்று கொடுக்க வேண்டிய கூலியும், இன்று பகிர வேண்டிய உணவும் நம் கையில்தான் இருக்கின்றன.