கீரைக்கட்டும் கொசுறும்

டொரான்டோவின் செயின்ட் லாரன்ஸ் சந்தையில் சனிக்கிழமை காலைகளில் விவசாயிகளே வந்து விற்கிறார்கள். 1803-இல் தொடங்கிய சந்தை. ஆகஸ்டில் தக்காளி நன்றாக இருக்கும். சோளக்கதிரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். விற்கிறவர்களும் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் எனக்குச் செங்கல்பட்டு ஞாபகம்தான் வருகிறது. ‘ஆர்கானிக்’ முத்திரை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊரில் இருந்துகொண்டு, முத்திரை என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத ஒரு கீரைக்கார ஆயாவை நினைத்து ஏங்குவது வேடிக்கைதான்.

ஆயா கூடையை இறக்குவது ஸ்டேஷனிலிருந்து பஜாருக்குப் போகிற வழியில். அவளோடு ஊரிலிருந்து கிளம்புகிற மற்ற பெண்கள் பூவையும் கொய்யாவையும் தூக்கிக்கொண்டு, பீச் போகிற மின்சார ரயிலின் வியாபாரிகள் பெட்டியில் ஏறிவிடுவார்கள். மெட்ராஸில் விலை கூடக் கிடைக்கும். ஆயா போகமாட்டாள். சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை என்று அடுக்குவாள். கட்டுக்கு வாழைநார். சிறுகீரையும் முளைக்கீரையும் வேரோடு பிடுங்கியவை; வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். அம்மா கட்டைத் தலைகீழாகப் பிடித்து முதலில் அந்த மண்ணைத்தான் பார்ப்பாள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஏரிப் பாசனம், நறநறவென்று உதிர்ந்தால் பாலாற்றங்கரை. பிறகுதான் இலை. இலையில் சல்லடையாக ஓட்டை.

“இன்னா ஆயா, ஒரே பூச்சி?”

“பூச்சிக்கு முன்னாடி நீ வந்து வாங்கிக்கறதுதானே கண்ணு.”

அதற்கு மேல் பேச்சில்லை. கீரைக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் கூறு கட்டி வைத்திருக்கும். ஒரு கூறு எடுத்தால் நாலு பச்சைமிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு. சில்லறை இல்லையென்றால் நாளைக்கு. அந்த ‘நாளைக்கு’ எந்த நோட்டிலும் ஏறாது. டொரான்டோவில் எனக்குக் கிடைக்காதது கீரை அல்ல. ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் முருங்கைக்கீரைகூட இருக்கிறது, விலையைக் கேட்காமல் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கிடைக்காதது அந்த நாளைக்கு.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் மாமா வீடு. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலோரம். அங்கே வேறு சாப்பாடு. மணல் பூமியில் வேர்க்கடலை, தர்பூசணி, மீதியெல்லாம் சவுக்கு. கடலைச் செடியைப் பிடுங்கி உதறினால் மணல் கொட்டிவிடும், கழுவக்கூட வேண்டியதில்லை. பானையில் உப்புப் போட்டு அவித்து, படியால் கோபுரமாக அளந்து, அளந்த பிறகு மேலே ஒரு கை. மீன்காரப் பெண்கள் காரப்பொடியும் நெத்திலியும் கொண்டுவந்து அரிசிக்கு மாற்றிக்கொண்டு போன வீடுகளும் உண்டு. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபச் சிற்பத்தில் பசு கறக்கிறவனையும், தலைச்சுமையும் உறிப்பானையுமாக நிற்கிற இடைச்சியையும் மாமா காட்டுவார். பல்லவர் காலத்து அந்தப் பெண்ணின் இடுப்பு ஒடிவு, மோர்க்காரம்மா திண்ணையில் பானையை இறக்குவதற்கு முன் நிற்பாளே, அதேதான். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் நிற்பதில்லை. வெண்ணெய் உருண்டைக்குப் போய்விடுகிறார்கள்.

யார் விளைத்ததை யார் சாப்பிடுகிறோம் என்பது இந்தச் சீமையில் ஒருகாலத்தில் ஓலையிலேயே எழுதிவைத்த விஷயம். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். களத்தில் நெல் குவிந்ததும் கோயிலுக்கு இவ்வளவு, குயவருக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த கணக்கு அது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பங்கிலும் சாதி இருந்தது, யார் களத்தில் இறங்கலாம் என்பதிலும் இருந்தது. ஆனால் சோறு முகம் தெரியாத இடத்திலிருந்து வரவில்லை.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது எங்கள் வீட்டில் அதைப் பற்றி நிறையப் பேச்சு. பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திராவின் ரைத்து பஜார் வழியில் வந்த திட்டம். தரகர் இல்லை, தராசு இலவசம், அன்றன்றைய விலை பலகையில். நல்ல திட்டம், இன்றைக்கும் நல்ல திட்டம்தான். அதில் கடை போட அடையாள அட்டை வேண்டும், அட்டை சாகுபடியைப் பார்த்துக் கொடுப்பது. ஆயா கீரை போட்டதோ ஏரியோரம், யாருடைய நிலத்திலோ.

இப்போது ஊருக்குப் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இயற்கை அங்காடிகள் இருக்கின்றன. இயற்கை விவசாயத்தைப் பற்றி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னது வீண்போகவில்லை என்று சந்தோஷமாகவே இருக்கிறது. குளிரூட்டிய அறையில் அதே சிறுகீரை, வேரை நறுக்கி, பெட்டியில் போட்டு, மேலே முத்திரை. மண் மட்டும் இல்லை. மாமாவின் கடலைக்கொல்லை வீட்டுமனையாகி, மனைக்குப் பச்சையான பெயர் ஒன்றும் வைத்துவிட்டார்கள். தையூர், கேளம்பாக்கம் பக்கமெல்லாம் இதே கதைதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன விவசாயி தன் விளைச்சலைத் தானே நேராக விற்றால் முத்திரைச் சான்று தேவையில்லை என்று 2017-இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறையே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆயா மாதிரி ஆட்களுக்கு இது தெரியாது. தெரிந்த நாம்தான் அவர்களிடம் போகாமல் பெட்டியைத் தேடுகிறோம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். செங்கல்பட்டு சிறுமணி என்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பாரம்பரிய நெல் உண்டு. நான் சாப்பிட்டதில்லை, பாட்டி சொல்லித்தான் தெரியும். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் பக்கம் யாராவது இதைப் பயிரிடுவது தெரிந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். தை அறுவடைக்கு ஊர் வரும்போது களத்துக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.