இறங்குவதுதான் பெரும்பாடு

ஊட்டி ரயிலில் போனவர்களுக்குப் பல்சக்கரம் தெரியும். நியூசிலாந்தின் ரெமுடகா மலையில் ஓடிய ரயிலுக்குப் பல்லே கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, சற்று உயரத்தில், வழவழப்பான மூன்றாவது தண்டவாளம் ஒன்று இருந்தது. இன்ஜினின் அடிவயிற்றில் படுக்கைவாட்டில் இருந்த சக்கரங்கள் அதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும், தென்னை ஏறுபவரின் பாதங்கள் மரத்தைக் கவ்வுவதுபோல. ஃபெல் என்ற ஆங்கிலேயரின் ஏற்பாடு அது.

1878இல் திறந்த அந்தச் சரிவுப் பாதை 4.8 கிலோமீட்டர்தான். வெலிங்டனையும் வைரரபா சமவெளியையும் இணைத்த ரயில்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். இப்போது தண்டவாளம் இல்லை; நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். நானும் நடந்தேன். பதினைந்து அடிக்கு ஓரடி ஏற்றம். பேசிக்கொண்டே நடக்கலாம், மூச்சு வாங்காது. இதற்கா ஒரே ரயிலில் இடைவெளிவிட்டு நான்கைந்து இன்ஜின்களைக் கோத்தார்கள் என்று தோன்றியது. உச்சியில் 576 மீட்டர் சுரங்கம் வருகிறது. டார்ச் இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது. அத்தனை இன்ஜின்களின் புகையும் இதற்குள் சேர்ந்தால் கரி அள்ளிப்போட்டவரின் கதி என்ன என்று நினைத்தபோதுதான் ஏற்றத்தின் கனம் உறைத்தது.

ஆனாலும் ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு என்பேன். ரயிலோடு தனியாக பிரேக் வண்டிகளைச் சேர்ப்பார்கள். அவற்றின் வார்ப்பிரும்புக் கட்டைகள் நடுத் தண்டவாளத்தை உரசி உரசித் தேயும். அடிக்கடி மாற்றியாக வேண்டும். அடிவாரத்தில் கிராஸ் கிரீக் என்று ஓர் ஊரே இந்தச் சரிவுப் பாதைக்காக இருந்தது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைபீரியா என்று பேர் வைத்த ஒரு வளைவில் 1880 செப்டம்பரில் பெட்டிகளையே காற்று தூக்கிச் சரிவில் தள்ளிவிட்டது. குழந்தைகள் இறந்தார்கள். நடுத் தண்டவாளத்தைப் பிடித்திருந்த இன்ஜின் அசையவில்லை. பிறகுதான் காற்றுத் தடுப்பு வேலி வந்தது.

1955இல் 8.8 கிலோமீட்டர் சுரங்கம் தயாரானதும் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். ஆறு இன்ஜின்களில் ஐந்து காயலான் கடைக்குப் போயின. மிஞ்சிய ஒன்றை ஃபெதர்ஸ்டன் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிறுத்திவைத்தார்கள். ஏறி மிதித்து, கைக்கு வந்ததைக் கழற்றி, பிள்ளைகள் ஒருவழி பண்ணிவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஊர்க்காரர்களே அதைச் செப்பனிட்டு, கூரை போட்டு, அருங்காட்சியகமாக்கினார்கள். உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஃபெல் இன்ஜின் அது ஒன்றுதான்.